புதன்கிழமைக்கு முன் திறக்கக்கூடாத கதவு

கலாநிதி பிலோமினா காலமான செய்தி எனக்குக் கரடியனாற்றில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு வயல் வட்டையின் வரம்பில் நின்று மாணவர்களுக்கு நெற்களைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் துறையின் இலிகிதர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், மினா மிஸ் போயிட்டா. ஆஸ்பத்திரில இருந்து இப்பதான் சொன்னாங்க" என்றார். கால் சேற்றிலும் உடம்பு வரம்பிலுமாக அப்படியே இருந்துவிட்டேன்.

கால் சேற்றைக் கழுவுவதற்குள் இரண்டாவது அழைப்பு வந்தது. நிர்வாகத்திலிருந்து ஒருவர். இரங்கல் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். "அந்த இருட்டறைப் பூட்டிட திறப்பு உங்களிட்டத்தானே இரிக்கு? செவ்வாய்க்கிழமை செத்தவீட்டுக்குப் பெரிய ஆக்கள் வாறாங்க. அறையைத் துப்புரவாக்கி, மிஸ்ஸிட படத்தை வைச்சு, மாலை போடோணும். இண்டைக்கே கொண்டுவந்து தாங்க" என்றார். மினாக்காவின் உடல் அப்போது ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது நினைவு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அன்னாரின் நற்பண்புகளை இனிமையாக எழுதித் தரும்படி சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் இனிமை இல்லை. வயிறு எரிகிறது. நான் ஏன் செவ்வாய்க்கிழமை அடக்கத்துக்கு வரவில்லை என்று பலர் என்னிடம் நேரிலும் முதுகுக்குப் பின்னாலும் கேட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மலரில் போட மனமில்லாவிட்டால் விட்டுவிடட்டும். நான் வேறிடத்தில் அச்சிட்டுக்கொள்வேன்.

அவரை அறியாதவர்களுக்காக: பிலோமினா மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பத்தில், கடலோரத்து டச்பாரில் பிறந்தவர். தந்தையும் தம்பியும் மரவேலை செய்யும் ஓடாவிமார். இவர் மட்டும் தாவரவியல் படித்து, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, எங்கள் கெம்பசில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். மாணவர்களுக்கு மினா மிஸ். ஆறேழு வயது இளையவனான எனக்கு மினாக்கா. குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, வெயில் என்றாலும் மழை என்றாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். அந்தக் கோபத்தில் ஒரு பங்கைத்தான் இன்று நான் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. நெல்லை முழு இருட்டில் முளைக்க வைத்தால் நாற்று வெளிறிய மஞ்சளாக, மெலிந்து, நீண்டு வளரும். விதைக்குள் இருக்கும் சேமிப்பைத் தின்றுதான் வளரும். ஒளித்தொகுப்புக்கு வேண்டிய புரதங்களைச் செய்விக்கும் பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள், அந்த மஞ்சள் இலைக்குள்ளும் இருக்கின்றன. பெரும்பாலும் சும்மா கிடக்கும். வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்ளும். இலை பச்சை பிடிக்கும். இவ்வளவும் உலகம் முன்பே அறிந்த விஷயம். மினாக்காவின் கேள்வி அதற்கு அடுத்தது. வெளிச்சம் கட்டளை இடுகிறது, சரி. இலை எந்த வயதில் அந்தக் கட்டளையைக் கேட்கும்? மிகப் பிஞ்சாக இருக்கும்போது ஏன் கேட்பதில்லை? இருட்டில் அதிக காலம் கிடந்துவிட்டால் பிறகு ஏன் கேட்பதில்லை? எங்கள் வயல்களின் நெல்லில் அந்த எல்லைகள் எங்கே இருக்கின்றன?

இதை அறிய, வெவ்வேறு நாட்களில் விதைத்த நாற்றுத் தட்டுகளை ஒரே இருட்டில் வளர்த்து, ஒரே நேரத்தில் வெளிச்சம் காட்ட வேண்டும். அதுவரை ஊசி முனையளவு ஒளியும் படக்கூடாது. உள்ளே போகிறவர் மங்கலான ஒரு பச்சை விளக்கோடுதான் நடமாட வேண்டும். கதவு ஒரு தடவை திறந்துவிட்டால் வாரக்கணக்கான வேலை பாழ்.

அவர் திரும்பி வந்த காலம், போகக்கூடியவர்கள் எல்லாம் யுத்தத்துக்குப் பயந்து போய்க்கொண்டிருந்த காலம். அவருடைய உறவினரில் பாதிப்பேர் அவுஸ்திரேலியாவில் இருந்தார்கள். "ஏன்கா ஊருக்குக் கிறுகி வந்தாய்?" என்று ஒரு மாமி எனக்கு முன்னாலேயே அவரைக் கேட்டார். "எனக்கு இருட்டு வேணும் மாமி. அது இஞ்ச தாராளமாக் கிடைக்குது" என்றார் மினாக்கா. ஊரில் மாதக்கணக்காக மின்சாரம் இல்லாத சமயம் அது.

எங்கள் துறையில் பயன்படாமல் கிடந்த ஒரு களஞ்சிய அறையைக் கேட்டு வாங்கினார். யன்னல்களுக்குக் கறுப்பு மை பூசினார். தம்பி ஸ்டான்லி வந்து கதவு செய்து கொடுத்தார். ஒரு கதவு போதாது. ஒன்றைச் சாத்திய பிறகு மற்றதைத் திறக்கும்படி இரண்டு கதவுகள், நடுவில் ஓர் ஆள் நிற்க இடம். உட்கதவின் விளிம்புகளை வள்ளத்துப் பலகை பொருத்துவதுபோல் ஒன்றுக்குள் ஒன்று ஏறும்படி இழைத்திருந்தார். வேலை முடிந்ததும், உச்சி வெயிலில், தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண் இருட்டுக்குப் பழகும்வரை இருந்து, ஒளி கசியும் இடங்களை எல்லாம் சோக்குக்கட்டியால் வட்டமிட்டார். "அக்கா, இன்னும் ஒண்டு இரிக்கு! நிலைக்குக் கீழ!" என்று உள்ளிருந்து கத்துவார். மினாக்கா வெளியே வேர்த்து விறுவிறுக்க நின்று, "வடிவாப் பாருடா, எறும்பு நுழையிற ஓட்டையும் விடாத!" என்று பதிலுக்குக் கத்துவார்.

அறை திறப்பு விழாவுக்கு ஸ்டான்லியின் மனைவி டெய்சி கேக் செய்து கொண்டுவந்தார். நிர்வாகத்தில் அப்போதும் பெரிய கதிரையில் இருந்தவர், இப்போதும் இருப்பவர், வந்து நாடாவை வெட்டினார். கேக்கில் இரண்டு துண்டு தின்றார். அவருடைய பெயரை எழுதி இந்தக் கட்டுரையை அழுக்காக்க விரும்பவில்லை. நிர்வாகி என்றே சொல்கிறேன்.

ஒரு நாள் காலை இராணுவம் கெம்பசைச் சுற்றி வளைத்துத் தேடியது. ஒவ்வோர் அறையாகப் பார்த்து வந்தவர்களின் கண்ணில் எங்கள் இருட்டறை பட்டது. கறுப்பு மை பூசிய யன்னல், இரண்டடுக்குக் கதவு, உள்ளே ஒரு நேரக்கணிப்பான், அதிலிருந்து போகும் வயர்கள், பச்சை விளக்கு. நாட்டிலேயே அதைவிடச் சந்தேகத்துக்குரிய அறை வேறு இருந்திருக்காது என்று பிற்காலத்தில் மினாக்காவே சொல்லிச் சிரிப்பார். அன்று அவர் செய்த பிழை ஒன்றுதான். சிப்பாய் ஒருவர் டோர்ச்சோடு உள்ளே நுழைந்ததும், "டோர்ச் அடிக்காதீங்க!" என்று பாய்ந்தார். வெளிச்சம் காட்டாதே என்று ஒருவர் கத்தினால் எந்த ஆமிக்காரன் காட்டாமல் விடுவான்? அறையின் மூலை முடுக்கெல்லாம் டோர்ச் அடித்தார்கள். வயர்களைப் பிடுங்கினார்கள். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஜீப் புறப்படுமுன் அதிகாரி நிர்வாகியைக் கூப்பிட்டு, இப்படி ஓர் அறை இருப்பது உமக்குத் தெரியுமா என்று கேட்டார். "எனக்குத் தெரியாது. நான் இதுக்கு அனுமதி குடுக்கவும் இல்ல" என்றார் நிர்வாகி. வாய் கூசவில்லை. மினாக்கா ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேக் தின்ற வாய் அதுதான் என்று எனக்கு அன்றைக்கே கத்தத் தோன்றியது.

அவர்கள் போன பிறகு நான் இரண்டு கதவுகளையும் சாத்தினேன். அவருக்காக என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த வேலை ஒன்றைத்தான் செய்தேன். பின்னேரம், பச்சை விளக்கைக் கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொரு தட்டிலிருந்தும் இலைகளை வெட்டி, ஈயத்தாளில் சுற்றி, பிறீசரில் வைத்தேன்.

ஸ்டான்லியும் ஒரு பாதிரியாரும் வாசல் வாசலாக ஏறி இறங்கி அவரை மீட்டார்கள். வீங்கிய மணிக்கட்டோடு வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி: "சிவா, டோர்ச் எவ்வளவு நேரம் அடிச்சிருப்பாங்க?" நான் இலை வெட்டி வைத்திருப்பதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க மனுசன்" என்றார். அவரிடம் எவரும் வாங்கிய மிகப் பெரிய பாராட்டு அதுவாகத்தான் இருக்கும்.

அந்த இலைகளைப் பிறகு அவர் பரிசோதித்தபோது விஷயம் வெளிவந்தது. கண்ணுக்கு எல்லாத் தட்டும் ஒரே மஞ்சள்தான். ஆனால் டோர்ச் வெளிச்சத்தின் கட்டளையை நடுவயது நாற்றுகள் கேட்டிருந்தன. ஒளித்தொகுப்பு ஜீன்கள் அவற்றில் விழித்திருந்தன. பிஞ்சுத் தட்டில் ஒரு சலனமும் இல்லை. மிக முதிர்ந்த தட்டிலும் கிட்டத்தட்ட இல்லை. அவர் தேடிய எல்லைகள் இருந்தன. "கட்டுரை எழுதக்க ஆமிக்கும் நன்றி சொல்லிவிடுங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் மாறியது. "இது சோதினை இல்ல சிவா. இது அவங்க செய்தது. நான் திருப்பிச் செய்யோணும். ஒவ்வொரு வயசையும் ஒழுங்கா" என்றார்.

அந்த ஒழுங்கான சோதனைதான் அவருடைய மீதி வாழ்க்கையாக இருந்தது. இளைய தட்டுகள் எல்லாம் மெல்ல மெல்லச் சரிவந்தன. கடைசித் தட்டு, மிக முதிர்ந்தது, ஒருபோதும் சரிவரவில்லை. அதுதான் இருட்டில் மிக அதிக காலம் இருக்க வேண்டியது. இந்த மண்ணில் அவ்வளவு காலம் ஒரு கதவை யார் சாத்தி வைத்திருக்க விடுவார்கள்? ஊரடங்கு, ஷெல்லடி, மின்வெட்டு, தேடுதல் என்று ஏதாவது ஒன்று வந்து அதைத்தான் முதலில் கொல்லும். "அந்தக் கடைசித் தட்டு வராம நான் முடிவைச் சொல்லமாட்டன். அரைவாசி சொல்லுறது பொய்" என்பார்.

சமாதான காலம் என்று ஒன்று வந்தது. கடைசித் தட்டை மீண்டும் விதைத்தார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, மறுநாள் காலையில் அதைப் பார்க்கப் புறப்பட்டபோது ஸ்டான்லி, "நத்தாருக்கும் நாத்தோ அக்கா? இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றாராம். "அதுக்கு லீவு தெரியாதுடா. மத்தியானம் வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் இருட்டறைக்குள் பச்சை விளக்கோடு நின்ற நேரத்தில்தான் கடல் டச்பாருக்குள் வந்தது. இரண்டு கதவுகளுக்குப் பின்னால் அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. காவலாளி வந்து கதவை அடித்தார். மினாக்கா வெளியே வந்து, கேட்டதும், இரண்டு கதவுகளையும் திறந்தபடி போட்டுவிட்டு டச்பாருக்குப் போகும் பாலத்தை நோக்கி ஓடினார். அவர் ஒரு கதவைத் திறந்தபடி விட்டதை நான் கண்டது அன்று மட்டும்தான்.

ஸ்டான்லியின் உடலை வாவிப் பக்கத்தில் எடுத்தார்கள். டெய்சி ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினார். வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது. அடக்கத்தில் ஒரு பாதிரியார், நல்ல மனிதர், மினாக்காவின் கையைப் பிடித்து, "அந்த நாத்தைக் காட்டி ஆண்டவர் உங்களக் காப்பாத்தினார் மகள்" என்றார். மினாக்கா கையை உருவிக்கொண்டார். "எனக்கு நாத்தைக் காட்டி, என்ர தம்பிக்குக் கடலைக் காட்டினவரோ, பாதர்?" என்றார். கூடி நின்றவர்கள் அவரை அடக்கப் பார்த்தார்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது. பாதிரியார் பதில் சொல்லாமல் தலை குனிந்து நின்றார். அந்த மட்டில் அவர் நேர்மையானவர்.

நிவாரணப் பொருட்கள் வைக்க இடம் போதவில்லை என்றதும் மினாக்கா தானாகவே இருட்டறையைக் காலி செய்து கொடுத்தார். "முதல்ல மனுசர். மறுகா நாத்து" என்றார். மாதங்கள் போயின. அரிசியும் மாவும் எப்போதோ போய்விட்டன. யாரோ குளிர்நாட்டுக்காரர்கள் அனுப்பிய கம்பளிக் கோட்டுகள் மட்டும் பெட்டி பெட்டியாக உள்ளே கிடந்தன. மட்டக்களப்பு வெயிலில் கம்பளிக் கோட்டு! அவற்றை எடுக்கும்படி அவர் கேட்காத நாளில்லை. "பாப்பம் மிஸ்" என்ற பதில் வராத நாளுமில்லை. ஒருநாள் நாங்களே எடுத்துவிடுவோம் என்று போனோம். உட்கதவைக் காணவில்லை.

ஸ்டான்லி இழைத்த கதவு. நாங்கள் தேடாத இடமில்லை. கடைசியில் கூட்ட மண்டபத்தில் கண்டோம். அங்கே நிர்வாகி வெளிநாட்டு உதவியாளர்களோடு கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு மேசைகளுக்குக் குறுக்கே கதவைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தேநீர்க் கோப்பைகளையும் பற்றிஸையும் அடுக்கியிருந்தார்கள். துணிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பை மினாக்கா கண்டுவிட்டார். நேரே உள்ளே போனார். ஒவ்வொரு கோப்பையாக எடுத்துத் தரையில் வைக்கத் தொடங்கினார்.

"மிஸ், என்ன செய்யிறீங்க?" என்றார் நிர்வாகி.

"கதவை எடுக்கிறன்."

"கூட்டம் நடக்குது..."

"நடக்கட்டும். இது என்ர தம்பிர கதவு. சிவா, அந்தப் பக்கத்தைப் பிடிங்க."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெயிலில் தூக்கிக்கொண்டு நடந்தோம். நடுவழியில் ஒரு தடவை இறக்கி வைத்தோம். அப்போதுதான், தம்பி இறந்த பிறகு முதன்முறையாக, அவர் அழுவதைக் கண்டேன். கதவின் மீது கையை வைத்துக்கொண்டு அழுதார். குடையை விரித்து அவருக்குப் பிடித்தேன். வேறென்ன செய்ய?

தன்னுடைய நாற்றை யாராவது உவமையாக்கினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். மாணவன் ஒருவன் கவிதைப் போட்டிக்கு, விடியலுக்காக இருளில் காத்திருக்கும் நாற்று என்று எழுதி அவரிடமே காட்டினான். "மனே, நாத்து ஒண்டுக்கும் காத்திருக்கல. கொட்டைக்குள்ள இரிக்கிற சாப்பாடு முடிஞ்சா அது சாகும். அவ்வளவுதான்" என்றார். பையன் பரிசு வாங்கினான் என்பது வேறு கதை.

யுத்தம் முடிந்தது. ஊரெங்கும் கொடி, பாற்சோறு, வெடி. முடிந்த விதத்தைப் பற்றிப் பேச முடியாமல் எங்களில் பலர் வாய்மூடித் திரிந்தோம். கெம்பசிலும் ஒரு வைபவம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பிரமுகருக்கு யாரோ மினாக்காவின் ஆராய்ச்சியைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவரை மேடையில் இருத்தி வைத்துக்கொண்டே பிரமுகர் பேசினார். இந்த அம்மையாரின் நாற்றுகள் எவ்வளவு காலம் இருட்டில் கிடந்தாலும் வெளிச்சம் பட்ட கணமே பச்சை பிடிக்கின்றனவாம். உங்கள் மக்களும் அப்படியே இன்றுமுதல் செழிப்பார்களாம். நிர்வாகி முதல் ஆளாகக் கை தட்டினார்.

மினாக்கா எழுந்து நின்றார். ஒலிவாங்கி அவரிடம் இல்லை. தேவைப்படவும் இல்லை.

"ஐயா, அது பிழை. கனகாலம் இருட்டில கிடந்த நாத்து உடன பச்சை பிடிக்காது. சிலது ஒருநாளும் பிடிக்காது. சடாரெண்டு கடும் வெயில்ல வைச்சா வெளிறிக் கருகிப் போகும். நீங்க சொன்னது என்ர ஆராய்ச்சி இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பின்வரிசையில் யாரோ தட்டத் தொடங்கி, பயந்து நிறுத்தினார்கள். வைபவம் முடிந்து வரும்போது நான் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. "சரியான அடி குடுத்தீங்க அக்கா!" என்றேன். என்மீது எரிந்து விழுந்தார். "நான் சனத்தைப் பத்தி ஒண்டும் சொல்லல. நாத்தைப் பத்தித்தான் சொன்னன். அவர் பிழையாச் சொன்னார், திருத்தினன். நீங்களும் அந்தப் பொடியன் மாதிரிக் கவிதை படிக்காதீங்க."

அந்த வாரமே இருட்டறைக்குப் போகும் மின்கம்பியில் பழுது கண்டுபிடிக்கப்பட்டது. பழுதுபார்ப்பவர் வருவார் என்றார்கள். மாதங்களாக வரவில்லை. பக்கத்து அறைகளில் விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மினாக்கா எத்தனை கதவைத் தட்டினார் என்று எனக்குத் தெரியும். அவருடைய நெஞ்சுவலி அந்தக் காலத்தில்தான் தொடங்கியது என்று டெய்சி சொல்கிறார். வைத்தியர் வேறு காரணம் சொல்லலாம். நான் டெய்சி சொல்வதை நம்புகிறேன்.

போன மாதம் மின்சாரம் வந்தது. வந்த அன்றே கடைசித் தட்டை விதைத்தார். நாட்கள் இடைவெளி விட்டு இளைய தட்டுகளையும் விதைத்தார். ஒருவரும் குறுக்கே வரவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தலையணைக்குக் கீழிருந்து திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். "புதன்கிழமை வரைக்கும் ஒருத்தரையும் உள்ள விடாதீங்க சிவா. இந்த முறை சரியாப் போய்க்கிட்டிரிக்கு. புதன்கிழமை நான் வாறன்" என்றார். மறுநாள் காலை போய்விட்டார்.

இப்போது விளங்கும், நான் ஏன் திறப்பைக் கொடுக்கவில்லை என்று. நிர்வாகத்தில் ஒவ்வொருவரிடமும் விளக்கினேன். இன்னும் மூன்றே நாள், புதன்கிழமை கழியட்டும், பிறகு மாலை போடுங்கள் என்றேன். பெரியவர்கள் புதன்கிழமை இருக்கமாட்டார்கள் என்றார்கள். படம் எடுக்க வேண்டுமாம். அவர் பாடுபட்ட அறையில் ஒரு விளக்கேற்றினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். இருட்டறையில் விளக்கேற்றப் போகிறாராம்! பூட்டை உடைக்கவும் ஆள் இருக்கிறது என்று இன்னொருவர் நாசூக்காகச் சொன்னார். அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை, நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் வெளிக்கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

அடக்கத்துக்குப் போகும் வழியில் டெய்சி ஓட்டோவில் வந்து இறங்கினார். கறுப்புச் சட்டை, கையில் செபமாலை. "சிவாத் தம்பி, நீங்க வரல்லயோ?" என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். டெய்சி ஸ்டான்லியின் கதவு இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். "அப்ப நீங்க இஞ்ச இரிங்க. அங்க நான் பாத்துக்கிறன். மண் போடக்க உங்கட பேரையும் சொல்லிப் போடுறன்" என்றார். ஓட்டோ போய்விட்டது.

கல்லறையில் நிர்வாகி நெடுநேரம் பேசினாராம். இருள் சூழ்ந்த காலத்தில் எங்களுக்கு ஒளிவிளக்காக நின்றவர் என்றாராம். அவருடைய அறையைத் தான்தான் முன்னின்று அமைத்துக் கொடுத்ததாகவும் சொன்னாராம். டெய்சி அங்கேயே, ஊர் பார்க்க, "ஆமி கேக்கக்க தெரியாது எண்டீங்களே ஐயா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு பேச்சு சுருங்கிவிட்டதாம். அதைக் காண நான் அங்கே இருக்கவில்லையே என்பதுதான் என் ஒரே கவலை. பின்னேரம் பூட்டை உடைக்க இருவர் வந்தார்கள். என்னைக் கண்டு சங்கடப்பட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை.

புதன்கிழமை காலை பச்சை விளக்கோடு உள்ளே போனேன். எல்லாத் தட்டும் நின்றது. கடைசித் தட்டின் நாற்றுகள் மிக நீண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. அவர் சொல்லித் தந்தபடி, வெளிச்சம் காட்டுமுன் ஒரு தடவையும் காட்டிய பிறகு ஒரு தடவையும் இலை வெட்டிப் பிறீசரில் வைத்தேன். அவற்றை ஆராய்ந்து முடிவைச் சொல்ல அவருடைய பழைய மாணவி ஒருத்தி வருகிறாள். மிச்ச நாற்றுகளை, நடுவயதுத் தட்டையும் கடைசித் தட்டையும், விறாந்தையில் வெயில் நேரே படாத இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

நடுவயதுத் தட்டு மத்தியானமே பச்சை காட்டத் தொடங்கியது. நான் கடைசித் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விஞ்ஞானம் படித்தவன் ஆசைப்படக்கூடாத ஒன்றுக்கு ஆசைப்பட்டேன். மினாக்கா சொன்னது பிழையாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த ஒரு தட்டாவது பச்சை பிடிக்கட்டும், இவ்வளவுக்குப் பிறகு ஒன்றாவது பிடிக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். உவமை வேண்டாம் என்று அவர் திட்டியது நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. அந்த அறையை இடித்து அவர் பெயரில் மண்டபம் கட்டும் யோசனையைக் கைவிடுங்கள். அறையை அறையாக விடுங்கள். மின்சாரத்தை வெட்டாதீர்கள். திறப்பு என்னிடம் இருக்கிறது. அந்த மாணவி வந்ததும் அவள் கையில் கொடுப்பேன். வேறு எவருக்கும் கொடுக்கமாட்டேன்.

வியாழக்கிழமை டெய்சி வந்தார். அடக்கத்துப் பூக்களில் ஒரு கொத்தைக் கொண்டுவந்து எனக்குத் தந்தார். இருவரும் விறாந்தையில் நின்று தட்டுகளைப் பார்த்தோம். ஒன்று நல்ல பச்சை. மற்றது மஞ்சளும் கழிந்து வெளிறி, நுனி சுருண்டு, தட்டோடு படுத்திருந்தது.

"இது பச்சை பிடிக்கல்லயோ?" என்றார் டெய்சி.

"இல்லக்கா."

"அப்ப மினா சொன்னதுதான் சரி?"

"ஓம். அவ சொன்னதுதான் சரி."

டெய்சி தலையை ஆட்டினார். கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கி, அந்தக் கிடந்த நாற்றுகளுக்கு ஊற்றினார். பயனில்லை என்று எனக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை. போய் வாருங்கள், மினாக்கா. கடைசித் தட்டு வந்துவிட்டது. இந்த முறை ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.